ஏச்சு நம்ம ஆளுக்கு மட்டும்

கடலோரக் கிண்ணக் கால்பந்துப் போட்டிக் குழுவின் செயலாளர் போனில் கூப்பிட்டு, "மன்னிப்புக் கேக்கணும் மேடம், மைக்குல, ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி" என்று சொன்னபோது, நான் மலாக்காவில் வக்கீல் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். யாரிடம் கேட்க வேண்டும் என்றேன். தினேஷ்வரனிடம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினேஷ்வரன் எங்கள் அணியின் கீப்பர். எங்கள் ஆள். எங்கள் ஆளை நான் ஏசியதற்கு எதற்கய்யா மன்னிப்பு?

என் பெயர் பவானேஸ்வரி. வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை, அதற்காகக் கவலைப்பட எனக்கு இரண்டு அண்ணிகள் இருக்கிறார்கள், ஆகவே நான் படுவதில்லை. பகல் முழுக்க வக்கீலுக்காகப் பணிவான கடிதங்கள் தட்டுகிறேன். 'தங்கள் மேலான கவனத்திற்கு', 'தயவுகூர்ந்து' என்று வருஷக் கணக்காக இதே பாட்டு. வீட்டில் அண்ணன் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று குரலைத் தாழ்த்த வேண்டும். வாரத்தில் ஒரு நாள், புக்கிட் லீமாவ் அணி ஆடுகிற திடலில் மட்டும்தான் என் தொண்டை முழுசாகத் திறக்கும். அந்த ஒரு இடத்தைத்தான் பறிக்கப் பார்த்தார்கள்.

புக்கிட் லீமாவ், தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு தோட்டத்தின் பெயர். தோட்டம் இப்போது இல்லை. அந்த மேட்டில் சூரிய ஒளித் தகடுகள் வரிசையாக வெயில் காய்கின்றன. நான் அங்கே ஒரு நாளும் குடியிருந்ததில்லை, அதனால் எனக்குக் கண்ணீரும் இல்லை. அணி இருக்கிறது, அது போதும். லோரி ஓட்டுகிறவன், பேக்டரியில் இரவு வேலை முடித்து வருகிறவன், குளிர்சாதனம் பழுது பார்க்கிறவன் என்று மஸ்ஜித் தானாவிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் வந்து அந்தப் பெயரில் பச்சைச் சட்டை போட்டு ஆடுகிறார்கள். அவர்கள் பின்னால் நாங்கள் ஒரு நாற்பது பேர் போகிறோம்.

எங்களுக்கென்று ஒரு பேச்சு உண்டு. எதிரணியை நாங்கள் ஏசவே மாட்டோம். எதிராளி நல்ல கோல் அடித்தால் கைதட்டிவிடுவோம். அவன் யாரோ பெற்ற பிள்ளை. அவனைத் திருத்துவது நம் வேலையா? ஏச்செல்லாம் நம் ஆளுக்கு மட்டும். ஒவ்வொருத்தனுக்கும் ஓர் ஏச்சுப் பெயர் இருக்கிறது. பின்னால் தடுத்து ஆடுகிறவன் 'பீரோ'. அவனைத் திருப்ப நாலு ஆள் வேண்டும். நடுவில் ஆடுகிறவன் 'டோல்'. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி மாதிரி, யார் வந்து கார்டைத் தட்டினாலும் திறந்து வழி விட்டுவிடுவான். தினேஷ்வரன் 'சல்லடை'. புதிதாகச் சேர்ந்தவனுக்குப் பெயர் கிடையாது. "நல்ல முயற்சி தம்பி" என்று மரியாதையாகக் கை தட்டுவோம். என்றைக்கு அவன் மேல் முதல் ஏச்சு விழுகிறதோ அன்றைக்குத்தான் அவன் எங்கள் ஆள். பீரோவுக்கு அந்தப் பெயர் விழுந்த அன்று அவன் எங்கள் மஜீது பாய் டீக்கடையில் எல்லாருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் வாங்கிக் கொடுத்தான்.

அதற்காக வரைமுறை இல்லாத வாய் என்று நினைத்துவிடாதீர்கள். தொப்பையை ஏசலாம், ஓட்டத்தை ஏசலாம், மூளையை எங்கே அடகு வைத்தாய் என்று கேட்கலாம். நிறம், சாதி, சம்பளம் என்று வாய் திறந்தால் மஜீது பாயே எழுந்து வந்து கையைப் பிடித்து வெளியே விட்டுவிடுவார். கெட்ட வார்த்தை கூடாது. அடிபட்டுக் கிடக்கிறவனையும் வீட்டில் துக்கம் நடந்தவனையும் தொடக் கூடாது. இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்களோடு வந்து உட்கார்ந்தால் தானாக வந்துவிடும்.

காலிறுதியில் தினேஷ்வரன் தன் பழைய வியாதியைக் காட்டினான். பந்து கைக்கு வந்தால் தூக்கி உதைக்க மாட்டான். காலில் போட்டுக்கொண்டு கோலை விட்டு வெளியே ஓட்டிக்கொண்டு போவான். தனக்குள் ஒரு முன்னணி ஆட்டக்காரன் ஒளிந்திருக்கிறான் என்று அவனுக்கு நினைப்பு. அன்றும் போனான். எதிராளி பந்தைப் பறித்து, காலிக் கோலுக்குள் நிதானமாக உருட்டிவிட்டான். நான் எழுந்து நின்று கத்தினேன்.

"டேய் சல்லட! ஒன்னப் பெத்ததுக்குப் பதிலா ஒங்கம்மா அங்க ஒரு கம்பத்த நட்டிருந்தா, பந்து பட்டாச்சும் திரும்பியிருக்கும்டா!"

அவனுடைய அம்மா ராஜம்மா அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கடலையை என் மடியில் கொட்டிவிட்டார். "கம்பமா இருந்தா சோறு போட வேணாமே பவானி" என்று தன் பங்குக்கு ஒன்றை எடுத்துவிட்டார். தினேஷ்வரன் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் கோலை விட்டு அசையவில்லை, கடைசியில் நாங்கள்தான் ஜெயித்தோம்.

யாரோ அதைப் படம் பிடித்து டிக்டாக்கில் போட்டுவிட்டார்கள். அதில் நான் மட்டும்தான் தெரிகிறேன். வாய் பிளந்து, கழுத்து நரம்பு புடைத்து, மூக்குக் கண்ணாடி நுனியில் தொங்குகிறது. சிரித்த ராஜம்மா அக்கா படத்துக்குள் இல்லை. 'ஆட்டக்காரரின் தாயைப் பழித்த பெண்' என்று தலைப்பு வேறு. திங்கட்கிழமை ஆபீஸில் வக்கீல் என்னைப் பார்த்த பார்வை, நான் அவருடைய குமாஸ்தா இல்லை, குற்றவாளி என்று சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று விட்டுவிட்டேன். அந்த வாரத்திலேயே போன் வந்தது.

மஸ்ஜித் தானாவில் ஒரு கடைக்கு மேலே குழுவின் ஆபீஸ். நான் ராஜம்மா அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். செயலாளரின் பெயர் நிவேந்திரன். கழுத்தில் அட்டை, கையில் இரண்டு போன், என் பெரிய அண்ணன் மகன் வயது. ஆகவே இனிமேல் அவன் என்றே சொல்கிறேன். நான் மைக்கில் சொல்ல வேண்டிய மன்னிப்பைப் போனிலிருந்து வாசித்துக் காட்டினான். 'என் தகாத சொற்களால் மனம் புண்பட்ட' என்று ஆரம்பித்தது. நானே தட்டியிருந்தால்கூட அவ்வளவு பணிவாக வந்திருக்காது.

"கம்ப்ளேன் குடும்பத்துலேர்ந்து வந்திருக்கு" என்றான்.

"குடும்பம்னா நாந்தானப்பா" என்றார் ராஜம்மா அக்கா. "கோழி மிதிச்சு குஞ்சு சாகுமா? நானே பக்கத்துல ஒக்காந்து சிரிச்சேன்."

நிவேந்திரன் அவர் முகத்தைப் பார்க்காமல், "அவரோட வைஃப் ஆன்ட்டி" என்றான்.

ராஜம்மா அக்கா முகத்தில் ஈயாடவில்லை. மருமகள் திவ்யதர்ஷினி வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு தீபாவளி ஆகவில்லை. மலாக்காவில் ஒரு காப்புறுதி ஆபீஸில் வேலை. ஆட்டம் பார்க்க ஒரு தடவைகூட வந்ததில்லை.

நான் எழுந்தேன். "கேக்க முடியாது தம்பி."

"ரெண்டு வரிதான்லா அக்கா. ஸ்பான்சர் பாத்துட்டாங்க, ரொம்ப சங்கடமாயிடுச்சி."

"ஒரு வார்த்தையா இருந்தாலும் முடியாது."

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். "அப்படின்னா இது கடைசி வார்னிங். அரையிறுதியில ஆட்டக்காரங்கள யாராச்சும் ஏசுனது கேட்டா, ஏசுனவங்க ரெண்டு வருஷத்துக்கு எங்க போட்டி நடக்குற எந்தத் திடலுக்குள்ளயும் வர முடியாது. குழு முடிவு பண்ணிடுச்சி. அது யாரா இருந்தாலும் சரி."

மாலையில் மஜீது பாய் கடையில் உட்கார்ந்தேன். ஆட்டம் முடிந்தால் நாங்கள் கூடுவது அங்கேதான். பாய் எங்களில் மூத்த ரசிகர். கல்லாவை மகன் ரிதுவானிடம் விட்டுவிட்டு ஆட்டத்துக்கு வருகிறவர். நடந்ததைக் கேட்டுவிட்டு என் முன்னால் பாலில்லாத தே ஓவை வைத்தார்.

"சாரின்னு சொல்லிட்டுப் போயேன் தங்கச்சி. நாக்கு தேஞ்சா போயிரும்?"

"நான் சாரி சொன்னா என்ன ஆவும் தெரியுமா பாய்? இத்தன வருஷமா நாம ஏசுனதெல்லாம் அசிங்கம்னு ஆயிடும். பீரோவ ஏசுனது, டோல ஏசுனது, எல்லாம். இப்ப அது ஏச்சு. நான் மன்னிப்புக் கேட்ட நிமிஷத்துலேர்ந்து அது அவமானம். அந்தப் பயலுங்க முகத்துல நான் அதப் பூச மாட்டேன்."

பாய் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "இது ஒனக்கும் எனக்கும் தெரியும். அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?"

நான் பதில் யோசிப்பதற்குள் அந்தப் பிள்ளையே கடைக்குள் வந்தாள். ஆபீஸ் உடை, கழுத்தில் தாலிக்கொடி, கையில் காடிச் சாவி. பின்னால் தினேஷ்வரன், பெனல்டி விட்டவன் போலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"ஆன்ட்டி, நாந்தான் கம்ப்ளேன் பண்ணேன்" என்றாள். ஆன்ட்டி என்றதிலேயே எனக்குப் பாதி ரத்தம் கொதித்துவிட்டது. "எங்கம்மாவும் சொல்லிக் குடுக்கல, மாமியாருக்கும் தெரியாது. எங்க ஆபீஸ்ல பக்கத்து மேசைக்காரி அந்தக் கிளிப்ப எம்முகத்துக்கு நேரா புடிச்சி, 'சல்லட பொண்டாட்டி வந்துட்டா'ன்னு சிரிக்கிறா. நான் தண்ணி எடுக்கப் போனா அங்க பேச்சு நிக்குது. நீங்க திடல்ல கத்திட்டு இங்க வந்து ஜாலியா தே குடிக்கிறீங்க. நான் அதைக் காதுல வச்சிக்கிட்டு நாள் முழுக்க ஒக்காந்திருக்கேன். ஒங்களுக்கு அது அன்பு. எனக்கு?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு வலித்தது. வலித்தால் எனக்குக் கோபம்தான் வரும், அது என் பிறவிக் குணம்.

"அந்த மேசைக்காரிக்கு அவன ஏச என்னா ரைட் இருக்கு? அவன் பாஞ்சி பந்தப் புடிச்சப்ப அவ என்னிக்காச்சும் தொண்ட கிழிய கத்தியிருக்காளா? நீ அவகிட்டதான் சண்டைக்குப் போயிருக்கணும்!"

"அவ ஒங்ககிட்டேர்ந்துதான எடுத்தா?"

கடையில் இரண்டு மூன்று பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் தே ஓவை ஒரு வாய் குடித்தேன், அது ஆறிப்போயிருந்தது. "நீ ஒரு தடவ வந்து எங்களோட ஒக்காரு. அப்புறம் சொல்லு."

"வரேன். நீங்க வாயத் தொறக்காம இருக்கீங்களான்னு பாக்கவே வரேன்."

தினேஷ்வரன் நடுவில் வந்து, "அக்கா, அது என்னான்னா..." என்று ஆரம்பித்தான்.

"நீ பேசாத" என்று அவளும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அரையிறுதி கோலா சுங்கை பாருவில். கடல் பக்கம் என்பதால் காற்றில் கருவாட்டு வாசம். திடலைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேலே தகரம் அடித்து, ஒரே ஒரு வாசல் வைத்திருந்தார்கள். ஸ்பான்சர் ஆட்களுக்குக் கூடாரமும் துணி போர்த்திய நாற்காலிகளும். நிவேந்திரன் எங்கள் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டான், நாற்பது பேரின் வாயையும் அவன் ஒருத்தனே எண்ணப்போகிறவன் போல.

திவ்யதர்ஷினி வந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெண்தான். "வாங்கம்மா, ஒக்காருங்கம்மா" என்று இடம் விட்டேன். ராஜம்மா அக்காவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மஜீது பாய் அவளுக்குச் சிராப் தண்ணி கொடுத்தார். வெளியாளுக்கு நாங்கள் கொடுக்கிற மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. பீரோ திரும்பப் போய்த் தடுக்கி விழுந்தான். நாற்பது பேரும் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் தட்டுவது போலக் கைதட்டினோம். பீரோ எழுந்து எங்களைப் பார்த்தான், பிறகு தன் சட்டையைப் பார்த்தான், எங்கோ தப்பான அணிக்கு ஆடுகிறோமோ என்று சந்தேகப்பட்டவன் போல. டோல் மூன்று பேருக்கு வழி விட்டான். "நல்ல முயற்சி" என்றோம். பாதி ஆட்டம் முடிய இருந்தபோது, கிழவிகூடப் பிடித்திருக்கக் கூடிய ஒரு பந்தை தினேஷ்வரன் கைக்கடியில் விட்டான். கோல்.

"பரவால்ல தினேஷு, மனசத் தேத்திக்க" என்றார் மஜீது பாய்.

இடைவேளையில் தினேஷ்வரன் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக எங்கள் படிக்கட்டின் தடுப்புக் கம்பிக்கு வந்தான். "என்னா பாய், நான் செத்துட்டனா? எழவு வீட்டுக்கு வந்த மாதிரி பேசுறீங்க?"

பாய் தாடையால் நிவேந்திரனைக் காட்டினார். தினேஷ்வரன் தன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தன் செருப்பைப் பார்த்தாள். அவன் திரும்பிப் போனான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் என்னிடம், "எப்பவும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நீங்க கேட்டீங்க, அதான் இப்படி இருக்கு" என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டாம் பாதியில் டோல் எப்படியோ ஒரு பந்தை உள்ளே தள்ளிவிட்டான். ஒன்றுக்கு ஒன்று. கத்தினோம், கத்துவதற்குத் தடை இல்லை. அடுத்து எதிரணி ஆள் ஒருத்தன் தொலைவிலிருந்து அடித்த பந்து மூலைக்குப் பறந்தது. தினேஷ்வரன் பாய்ந்து விரல் நுனியால் அதைக் கம்பத்துக்கு வெளியே தட்டினான். அப்போது பார்த்தேன், திவ்யதர்ஷினி எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மாமியாரின் கையை அவள் பிடித்திருந்த பிடியில் ராஜம்மா அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு பொறுத்திருந்தார். பிறகு வெட்கப்பட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாலும் படியின் நுனியில்தான். அதற்குப் பிறகு நான் ஆட்டத்தைப் பாதியும் அவளைப் பாதியுமாகப் பார்த்தேன்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். பீரோ பந்தைப் பின்னால் தட்டி விட்டான். அது தினேஷ்வரனின் காலடியில் வந்து நின்றது. அவன் அதைக் குனிந்து பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வேண்டாம்டா பாவி, வேண்டாம் என்று என் உயிரே கத்தியது. வாய் திறந்துகொண்டது. துப்பட்டா நுனியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன். இரண்டு வருஷம் இந்த இடம் இல்லாமல் நான் எங்கே போய் மூச்சு விடுவேன்? அவன் பந்தை ஓட்டிக்கொண்டு கிளம்பினான். முதல் ஆளைத் தாண்டினான். இரண்டாவது ஆளையும் தாண்டினான். மூன்றாவது ஆள் பந்தைப் பறித்து, ஆளில்லாத கோலைப் பார்த்து உதைத்தான்.

என் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"டேய் தினேசு! வீட்லதான் கேட்டப் பூட்டாம தூங்குற, இங்கயுமாடா தொறந்து போட்டுட்டுப் போவ? ஓடுடா சல்லட! ஓடு!"

அவன் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. பந்து உருள, அவன் ஓட, கோட்டின் மேல் சறுக்கி விழுந்து காலால் அதை வெளியே தள்ளினான். விழுந்து கிடந்தபடியே எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. அன்றைக்குக் கம்பம், இன்றைக்கு வீட்டுக் கேட்டு என்று நினைத்து ராஜம்மா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாற்பது பேரும் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். எங்கள் எவருக்கும் தெரியாத ஒரு குற்றத்தை, வீட்டுக்குள்ளிருந்து கொண்டுவந்து போட்டிருக்கிறாள். இதைவிட நல்ல ஏச்சை நான் என் வாழ்நாளில் ஏசியதில்லை.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரு? யாரு கத்துனது?" நிவேந்திரன் படியேறி வந்தான். கூடாரத்தில் ஸ்பான்சர் ஆட்கள் எழுந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திவ்யதர்ஷினி பேயறைந்தவள் போல இருந்தாள். யாராக இருந்தாலும் சரி என்று சொல்லியிருந்தான். இரண்டு வருஷம். அவள் கணவன் ஆடுவதை அவள் இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறாள். எங்களில் ஒருத்தியாகி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவளை வெளியே அனுப்பினால் மறுபடி வர மாட்டாள். வீட்டில் உட்கார்ந்து அந்த மேசைக்காரியின் சிரிப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். என் இடத்தை விட எனக்கு ஆசை இல்லை. கொஞ்சமும் இல்லை. ஆனாலும் எழுந்துவிட்டேன்.

"நாந்தான்" என்றேன்.

"இல்ல அக்கா, நான்..." என்று அவள் என் துப்பட்டாவைப் பிடித்தாள்.

"ஒக்காரு. பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசாத" என்று அதட்டி, துப்பட்டாவை உருவிக்கொண்டு படியிறங்கினேன். மஜீது பாய் எழுந்து வழி விட்டார்.

வாசலுக்கு வந்ததும் நிவேந்திரன் நின்றான். "அக்கா, ஒங்க குரல் எனக்குத் தெரியாதா? அந்த வீடியோவ எத்தன தடவ கேட்டிருக்கேன். அது நீங்க இல்ல. பேசாமப் போயி ஒக்காருங்க."

"நான் போயி ஒக்காந்தா யாரு பேரப் போடுவ?"

அவன் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தான். "யாராச்சும் ஒருத்தரப் போடணும்கா. எல்லாரும் கேட்டுட்டாங்க."

"அப்ப எம் பேரப் போடு. ஆனா ஒன்னு கேட்டுக்க தம்பி. இன்னிக்கும் மன்னிப்புக் கேக்க மாட்டேன், ரெண்டு வருஷம் கழிச்சி வர்றப்பவும் கேக்க மாட்டேன். வந்த அன்னிக்கே ஏசுவேன். அதையும் சேத்துப் போட்டுக்க."

அவன் போனில் தட்டினான். தட்டி முடித்து, "சாரிக்கா" என்றான். என் பின்னால் தகரக் கதவு சாத்திக்கொண்டது.

வெளியே ரோடு. எவ்வளவு எம்பினாலும் உள்ளே ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போயிருக்கலாம், என் காடி எதிரிலேயே நின்றது. கண் எரிந்தது. அழுகிறேனா என்று பார்த்தேன், ஆமாம், அழுதுகொண்டுதான் இருந்தேன். அப்போது தகரத்துக்கு அந்தப் பக்கம் அவள் குரல் மறுபடி கேட்டது.

"பீரோண்ணே! திரும்புங்கண்ணே! ஐயோ, திரும்புங்க!"

அறிவு கெட்டவளே! இப்போதுதான் உனக்காக இரண்டு வருஷத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏசும்போது எவளாவது அண்ணே போடுவாளா? நிவேந்திரன் கேட்டுவிட்டால் என்ன ஆகும்? கூடாரத்துக்காரன் எவனாவது கையை நீட்டிக் காட்டினால்?

எனக்கு அழுகை நின்றுவிட்டது. என்னைத்தான் வெளியே போட்டாகிவிட்டதே, இனி என் வாயை எவன் என்ன செய்ய முடியும்? தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். கோலா சுங்கை பாரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"டேய் பீரோ! ஒன்னத் திருப்ப லோரி வரணுமாடா? திரும்பித் தொலடா!"

உள்ளே நாற்பது பேரும் ஹோ என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவள் குரலும் இருந்தது. அவள் கத்தும்போதெல்லாம் நான் அதற்கு மேலே கத்தினேன். கேட்கிறவன் எல்லாம் அது வெளியே நிற்கிற அந்த வாயாடியின் குரல் என்றே நினைக்கட்டும். மோட்டோவில் மீன் கூடையோடு போன ஒரு மலாய்ப் பெரியவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். தகரச் சுவரோடு சண்டை போடுகிற பெண்ணை அவர் பார்த்திருக்க மாட்டார்.

கதவு ஒரு சாண் திறந்தது. நிவேந்திரன் தலையை நீட்டினான். "அக்கா, ப்ளீஸ்லா."

"திடலுக்குள்ளதான வரக் கூடாது? இந்த ரோடும் ஒங்க குழுவோடதா?"

அவன் ரோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கதவைச் சாத்திக்கொண்டான்.

பந்து யார் காலில் இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்து என்ன ஆக வேண்டும்? அவன்கள் எங்கே எப்போது தப்புச் செய்வான்கள் என்று எனக்கு மனப்பாடம். கீப்பரிலிருந்து ஆரம்பித்துப் பதினோரு பேரையும் ஒருத்தன் விடாமல் ஏசினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் ஏசியதில்லை.